இரசிகரின் கோபமும் கழகத்தின் உடைமையும்: மான்செஸ்ரர் யுனைற்றெட் பகிஷ்கரிப்பு (1930) பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

1

உதைபந்தாட்டக் கழகமொன்று தொடர்ந்து தோல்வியுறும்போது அதன் இரசிகரிடையே இருவகைக் கோபம் எழுவதை நாம் காணலாம். முதலாவது, ஆடுகளத்தில் நிற்பவர்களை நோக்கியது; ஓடாத கால்களையும் தவறவிட்ட பந்தையும் மனமொன்றி ஆடாத வீரனையும் அது சாடுகிறது. இரண்டாவது, களத்துக்கு வெளியே மூடிய அறையில் அமர்ந்திருப்போரை நோக்கியது. பணிப்பாளர் சபையும் முகாமையாளரும் உடைமையாளரும் அதன் இலக்காகின்றனர். இவ்விரு கோபங்களும் ஒரே மனிதனிடமிருந்து ஒரே பிற்பகலில் வெளிப்படக்கூடியவையே. ஆயினும் அவற்றின் வரலாற்று முக்கியத்துவம் ஒன்றன்று. முன்னையது ஆட்டத்தின் விளைவைப் பற்றியது. பின்னையதோ, கழகம் யாருடையது என்னும் வினாவைத் தன்னுள்ளே கொண்டிருப்பது. முன்னதிலிருந்து பின்னதற்கு இரசிகர் எவ்வாறு வந்துசேர்கின்றனர், வந்துசேர்ந்தபின் எதனால் தடைப்படுகின்றனர் என்பவற்றை, 1930 ஆம் ஆண்டில் மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தின் இரசிகர் நடத்திய பகிஷ்கரிப்பை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலை இலக்கியங்களைச் சமூக உற்பத்தியின் பகுதியாக நோக்கும் மரபு எம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. ஆனால் விளையாட்டு, பொழுதுபோக்கு என்ற பெயரில், அந்த நோக்கின் எல்லைக்கு வெளியே விடப்பட்டே வந்துள்ளது. கிரிக்கெற் ஆட்டத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் குடியேற்றவாதச் சமூகத்தையும் இணைத்து நோக்கிய சீ. எல். ஆர். ஜேம்ஸின் நூல் 1963 இல் வெளிவந்தது. ஆட்டமொன்றின் உள்ளே வர்க்கமும் இனமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அந்நூல் காட்டிற்று. ஜேம்ஸின் கவனம் பெரிதும் ஆடுவோர்மீது படிந்திருந்தது. பார்ப்போரின் வரலாறும் அத்தகைய கவனத்தை வேண்டிநிற்கின்றது.

2

இங்கிலாந்தில் உதைபந்தாட்டத்தின் விதிகளை வகுத்தோர் உயர்குடிப் பாடசாலைகளிற் கற்றவர்கள். 1863 இல் உதைபந்தாட்டச் சங்கத்தை நிறுவியவர்களும் அவர்களே. ஆனால் ஆட்டத்தை வெகுசன ஆட்டமாக்கியது வட இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பட்டினங்களாகும். 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் வேலைசெய்வதைத் தடைசெய்தது. நடைமுறையில் ஆண் தொழிலாளரும் அவ்வோய்வைப் பெற்றனர். காலப்போக்கில் ஏனைய தொழில்களுக்கும் அது பரவிற்று. தொழிலாளர் போராடிப் பெற்ற இந்த ஓய்வுநேரமே உதைபந்தாட்டத்தின் சமூக அடித்தளம் எனலாம். 1883 இல் லங்காஷயரைச் சேர்ந்த பிளாக்பேர்ண் ஒலிம்பிக் அணி, உயர்குடி மாணவரின் அணியாகிய ஓல்ட் ஈற்றோனியன்ஸை வென்று சங்கக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இரண்டாண்டுகளின் பின், 1885 இல், கூலிபெற்று ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது. 1888 இல் லீக் அமைப்பு தோன்றியது.

மான்செஸ்ரர் யுனைற்றெட்டின் தோற்றம் இவ்வரலாற்றின் சுருக்கம் போன்றது. 1878 இல் லங்காஷயர் - யோக்ஷயர் புகையிரதக் கம்பனியின் நியூற்றன் ஹீத் வேலைத்தலத்தில், வண்டிகள் செய்யும் பகுதியினர் அமைத்த கழகமே அது. நியூற்றன் ஹீத் என்பதே அதன் பழைய பெயர். பச்சையும் பொன்னிறமும் அதன் பழைய நிறங்கள். 1892 இல் அது லீக்கின் முதற்பிரிவிற் சேர்ந்தது. அவ்வேளையிலேயே புகையிரதக் கம்பனியுடனான தொடர்பு அறுந்தது. கழகம் வரையறுத்த பொறுப்புடைய ஒரு கம்பனியாக மாறியது. பத்தாண்டுகளுக்குள், 1902 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், 2,670 பவுண் கடனுடன் அது கலைக்கப்படும் நிலையை எய்தியது. அதனைக் காப்பாற்றியவர் மதுவடிசாலை உடைமையாளரான ஜோன் ஹென்றி டேவிஸ். அவ்வாண்டிலேயே கழகம் இன்றைய பெயரைப் பெற்றது. 1910 இல் ஓல்ட் ட்ரபோட் அரங்கும் அவர் காலத்திலேயே திறக்கப்பட்டது.

தொழிலாளர் தமக்கென அமைத்த கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் கழிவதற்கு முன்னரே ஒரு முதலாளியின் கொடையில் தங்கிநிற்கும் கம்பனியாயிற்று. எனினும் இம்மாற்றம் இரசிகரின் உணர்வில் முழுமையாகப் பதியவில்லை. இதற்குப் புறநிலைக் காரணமொன்றும் உண்டு. உதைபந்தாட்டச் சங்கம் கழகங்களின் பங்கிலாபத்துக்கு உச்சவரம்பு விதித்திருந்தது. தொடக்கத்தில் அது ஐந்து வீதமே. பணிப்பாளர்கள் ஊதியம் பெறுதலும் தடைசெய்யப்பட்டிருந்தது. இலாபத்துக்கான முதலீடாக அன்றி, ஊர்ப்பெருமைக்கான கொடையாகவே கழக உடைமை தோற்றமளித்தது. செல்வாக்கும் மதிப்பும் மதுவிற்பனை போன்ற பக்கவருவாய்களும் அத்தோற்றத்தின் பின்னே மறைந்திருந்தன. இதனால், சட்டப்படி ஒருசில பங்குதாரருக்குரியதாயிருந்த கழகத்தை ஆயிரக்கணக்கானோர் “எங்கள் கழகம்” என அழைப்பதில் யாரும் முரண்பாடு காணவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களை ஆராய்ந்த இ. பி. தொம்சன், 1971 இல் வெளியிட்ட கட்டுரையில், அறஞ்சார் பொருளாதாரம் என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். சந்தை விதிகளுக்குப் புறம்பாக, வழக்காற்றினால் தமக்கு உரிமை உண்டென மக்கள் கொண்ட நம்பிக்கையே கலகங்களுக்கு நியாயம் வழங்கியது என்பது அவர் காட்டிய உண்மை. இரசிகரின் “எங்கள்” என்ற சொல்லும் அத்தகைய வழக்காற்று உரிமையொன்றையே குறிக்கிறது. தோல்விக்காலத்தில்தான் அது சட்டபூர்வமான உடைமையுடன் மோதுகிறது.

3

மோதலின் மறுமுனையில் நிற்கும் வீரரின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1901 முதல் ஆட்டவீரரின் வாரக்கூலி நான்கு பவுணுக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகத்தின் அனுமதியின்றி வீரர் வேறிடம் செல்ல முடியாது. இவ்விரு கட்டுப்பாடுகளுக்கும் எதிராக 1907 இல் ஆட்டவீரரின் தொழிற்சங்கம் மான்செஸ்ரரிலேயே அமைக்கப்பட்டது. பில்லி மெரடித், சாளி றொபேட்ஸ் முதலிய யுனைற்றெட் வீரர்கள் அதில் முன்னின்றனர். 1909 இல் சங்கத்திலிருந்து விலகாதோர் ஆடமுடியாது என உதைபந்தாட்டச் சங்கம் அறிவித்தபோது, யுனைற்றெட் வீரர்கள் விலக மறுத்து, தம்மைப் “புறந்தள்ளப்பட்டோர் கழகம்” என அழைத்துக்கொண்டு தனியே பயிற்சிசெய்தனர். ஆட்டப் பருவம் தொடங்குவதற்குச் சற்றுமுன் அவர்களது சங்கம் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் அதன் விலையாக, பொதுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பிலிருந்து அது விலகநேர்ந்தது. இந்த விலகல் குறிப்பிடத்தக்கது. களத்தில் உழைப்பவர்க்கும் களத்தைச் சூழ்ந்து நிற்கும் உழைப்பாளர்க்கும் இடையே அமைப்புரீதியாக உருவாகியிருக்கக்கூடிய இணைப்பு தொடக்கத்திலேயே துண்டிக்கப்பட்டது.

1922 இன் பின் உச்சக்கூலி ஆட்டப்பருவத்தில் வாரம் எட்டுப் பவுண். இது சாதாரண தொழிலாளியின் வருவாயிலும் உயர்ந்ததே. ஆனால் வீரனும் தொழிலாளியும் ஒரே தெருக்களில் வாழக்கூடிய அளவுக்கு அந்த இடைவெளி சிறியது. எனவே வீரன்மீது இரசிகன் கொண்ட கோபம், அறியாத ஒருவன்மீது கொண்ட கோபமன்று. தன்னைப் போன்ற ஒருவன் உழைக்கவேண்டிய அளவு உழைக்கவில்லை என்ற குற்றச்சாட்டே அதன் உள்ளீடு. இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகிறது. வாரம் முழுவதும் மேற்பார்வையாளனின் கண்காணிப்பில் வேலைசெய்தவன், சனிக்கிழமை பிற்பகலில் தானே மேற்பார்வையாளனாகிறான். தனக்கு எதிராகப் பயன்படுத்தப்படும் சொற்களையே அவன் வீரனுக்கு எதிராகப் பயன்படுத்துகிறான். அக்கோபம் இந்நிலையிலேயே நின்றுவிடுமாயின், வீரனை வாங்கியவரும் வாங்காது விட்டவரும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டவராகின்றனர். 1930 இன் சிறப்பு, அது இந்நிலையைக் கடந்தமையே.

4

டேவிஸ் 1927 இல் காலமானார். கழகத்தின் கொடையாளர் மறைந்த சிறிது காலத்துக்குள் உலகப் பொருளாதார நெருக்கடி தோன்றியது. லங்காஷயரின் பருத்தித்தொழில் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. இந்திய ஆலைகளின் வளர்ச்சி, யப்பானியப் போட்டி என்பவற்றுடன் 1930 இல் இந்தியாவில் நடைபெற்ற அந்நியத்துணிப் பகிஷ்கரிப்பும் சேர்ந்துகொண்டது. 1930 இன் இறுதியில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம். அரங்கினுள் நுழைவதற்கான ஆகக்குறைந்த கட்டணம் ஒரு ஷில்லிங். வேலையிழந்தவனுக்கு அது சிறுதொகையன்று.

இத்தகைய சூழ்நிலையிலேயே 1930-31 ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கியது. யுனைற்றெட் முதற் பன்னிரண்டு லீக் ஆட்டங்களிலும் தோற்றது. செப்ரெம்பர் 10 ஆம் திகதி ஹட்டர்ஸ்பீல்ட் அணியிடம் 0-6 எனவும், மூன்று நாட்களின் பின் நியூகாசில் அணியிடம் 4-7 எனவும் சொந்த அரங்கிலேயே தோற்றது. ஒக்டோபரில் அயற்கழகமாகிய மான்செஸ்ரர் சிற்றியிடம் 1-4, வெஸ்ற் ஹாமிடம் 1-5 எனத் தோல்விகள் தொடர்ந்தன. வீரரை ஏசுவதற்கு வேண்டிய காரணங்கள் அனைத்தும் இரசிகர்க்கு இருந்தன.

ஆனால் இரசிகர் மன்றம் செய்தது வேறு. அதன் செயலாளர் கிரீன்ஹோவின் தலைமையில் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன. ஐந்து கோரிக்கைகள் முன்வைக்கப்பட்டன: புதிய முகாமையாளர் ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும், இளம் வீரரைத் தேடிக் கண்டறியும் முறை சீர்செய்யப்படல் வேண்டும், திறமை நிரூபிக்கப்பட்ட வீரர் சேர்க்கப்படல் வேண்டும், பங்குதாரரால் தெரிவுசெய்யப்படும் ஐந்து புதிய பணிப்பாளர் சபையில் இடம்பெறல் வேண்டும், இவற்றுக்குத் தேவையான நிதி புதிய பங்குகளை வெளியிட்டுத் திரட்டப்படல் வேண்டும். பணிப்பாளர் சபை இக்கோரிக்கைகளை ஏற்கவில்லை. ஒக்டோபர் 17 ஆம் திகதி ஹியூம் நகரமண்டபத்திற் கூடிய இரசிகர், மறுநாள் ஆர்சனலுக்கு எதிராக நடைபெறவிருந்த ஆட்டத்தைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தனர்.

மறுநாள் அரங்குக்கு வந்தோர் 23,406 பேர். யுனைற்றெட் 1-2 எனத் தோற்றது. இத்தொகையைச் சுட்டிப் பகிஷ்கரிப்பு தோல்வியுற்றதாகக் கூறுவதுண்டு. செப்ரெம்பரில் ஹட்டர்ஸ்பீல்ட், நியூகாசில் அணிகளுக்கு எதிரான ஆட்டங்களைக் காணவந்தோரைவிட இத்தொகை பெரியது என்பதும் உண்மையே. ஆயினும் அவ்வாட்டங்களுடன் இதனை ஒப்பிடுதல் பொருந்தாது. அவ்வாண்டு சங்கக் கிண்ணத்தை வென்றிருந்த ஆர்சனல், நாட்டின் மிகச் சிறந்த அணியாகக் கருதப்பட்டது. அப்பருவத்தில் லீக் வெற்றியும் அதற்கே கிட்டியது. ஓல்ட் ட்ரபோட்டோ இதனைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டோரைக் கொள்ளக்கூடிய அரங்கு. எண்ணிக்கையைக் கொண்டு வெற்றி தோல்வி தீர்ப்பது கடினம். மண்டபத்திற் கைதூக்கியோருட் சிலர் மறுநாள் அரங்கினுள்ளும் நின்றிருத்தல் கூடும். அவ்வாறாயின் அதனைக் கோழைத்தனம் என நாம் ஒதுக்கிவிட முடியாது. சாதாரண நுகர்வோன் ஒரு கடையை விட்டு மற்றொரு கடைக்குப் போகலாம். இரசிகனுக்கு அந்த மாற்றுவழி இல்லை. பகிஷ்கரிப்பு என்ற ஆயுதம் அவனது எதிரியைத் தாக்குமுன் அவனையே காயப்படுத்துவது.

5

அப்பருவத்தின் நாற்பத்திரண்டு ஆட்டங்களில் யுனைற்றெட்டுக்கு எதிராக 115 கோல்கள் போடப்பட்டன. அணி இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்தது. முகாமையாளர் ஹேர்பேட் பாம்லற் 1931 ஏப்ரலில் விலகினார். அடுத்த பருவத்தில், 1931 செப்ரெம்பர் 2 ஆம் திகதி, சௌதாம்ரன் அணியுடன் நடந்த ஆட்டத்தைக் காண வந்தோர் 3,507 பேர் மட்டுமே. துண்டுப்பிரசுரமும் தீர்மானமும் இல்லாமலேயே இந்த வெறுமை நிகழ்ந்தது. தீர்மானம் செய்யமுடியாததை வறுமையும் சலிப்பும் செய்தன. அவ்வாண்டு டிசெம்பரில் வீரர்க்குக் கூலி கொடுக்கவும் கழகத்திடம் பணமிருக்கவில்லை. அந்நேரத்தில் 2,000 பவுண் கொடுத்து முன்வந்தவர் சீருடை உற்பத்தி செய்யும் தொழிலதிபரான ஜேம்ஸ் கிப்சன். அவர் கழகத்தின் தலைவரானார், சபையும் மாறியது.

இங்கு நாம் சற்று நின்று நோக்கவேண்டிய விடயமொன்றுண்டு. 1930 இன் ஐந்து கோரிக்கைகளையும் இரண்டாண்டுகளின் பின்னிருந்த நிலைமையையும் ஒப்பிடின், அவற்றுட் பல நிறைவேறிவிட்டன. பழைய முகாமையாளர் போய், 1932 இல் ஸ்கொற் டங்கன் வந்தார். புதிய பணிப்பாளர் வந்தனர். புதிய வீரரும் வாங்கப்பட்டனர். 1938 இல் இளம் வீரரைப் பயிற்றுவதற்கென ஒரு கழகமும் அமைக்கப்பட்டது. இரசிகர் கேட்டவை அறிவுடைய கோரிக்கைகள் என்பதை வரலாறே உறுதிசெய்தது. ஆனால் அவை இரசிகர் கேட்ட வழியில் நிறைவேறவில்லை. தெரிவுசெய்யப்படுவோர் மூலம் வரவேண்டிய மாற்றம், விலைகொடுத்தவர் மூலம் வந்தது. கோரிக்கைகளின் உள்ளடக்கம் நிறைவேறிற்று. அவற்றுள் அடங்கியிருந்த உரிமை நிறைவேறவில்லை.

இதற்கான காரணத்தைக் கோரிக்கைகளிலேயே காணலாம். பணிப்பாளரைத் தெரிவுசெய்யும் உரிமையை இரசிகர் பங்குதாரருக்கே விட்டனர். நிதிக்குப் பங்கு வெளியீட்டையே நாடினர். கம்பனி என்ற வடிவத்தை அவர்கள் கேள்விக்குட்படுத்தவில்லை. அவ்வடிவத்தினுள்ளே தமக்கு ஓர் இடம் கேட்டனர். ஆனால் வேலையின்மை பெருகிய ஒரு நகரில், ஒரு ஷில்லிங்குக்கே இடருற்ற மக்கள் பங்கு வாங்கிச் சபையை மாற்றுதல் எவ்வாறு இயலும்? அவர்களது அறஞ்சார் உரிமைக்கு ஏற்ற சட்டவடிவமொன்று அவர்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவில்லை. கூட்டுறவு இயக்கம் பிறந்த றொச்டேல் மான்செஸ்ரரின் அயலிலேயே இருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இந்த வரையறை மேலும் துலக்கமாகும். ரொட்டியையும் தேயிலையையும் கூட்டாக உடைமைகொள்ளக் கற்றிருந்த தொழிலாளர், தாம் மிகவும் நேசித்த கழகத்தை அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை.

6

இரசிகரின் எதிர்ப்புப் பற்றி மார்க்சிய நோக்கில் முதலில் எழுதியோருள் இயன் ரெய்லர் முக்கியமானவர். 1971 இல் வெளிவந்த தமது ஆய்வில், அரங்குகளில் நிகழ்ந்த வன்செயல்களை, தமது கட்டுப்பாட்டிலிருந்து நழுவிப்போன ஆட்டத்தை மீட்கத் தொழிலாள வர்க்க இரசிகர் செய்த முயற்சியாக அவர் விளக்கினார். கழகம் ஒருகாலத்தில் ஒருவகைப் பங்கேற்பு ஜனநாயகமாகத் தொழிலாளரால் உணரப்பட்டது என்பது அவர் கருத்து. முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட காலத்தை ஆராய்ந்து 1980 இல் ரோனி மேசன் எழுதிய நூலோ, கழகங்களின் பணிப்பாளர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினரே என்பதைக் காட்டியது. தொழிலாளர் கட்டுப்பாடு என்பது மெய்யாக நிலவிய ஒன்றல்ல என இதனடிப்படையில் ரெய்லர் மறுக்கப்படுவதுண்டு. எமது நோக்கில் இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. கட்டுப்பாடு நிலவவில்லை, கட்டுப்பாட்டுக்கான உரிமையுணர்வு நிலவியது. 1930 இன் துண்டுப்பிரசுரம் அதற்குச் சான்று. கருத்துநிலை மெய்ந்நிலையின் வெறும் எதிரொலியன்று. மெய்ந்நிலையை அளக்கும் அளவுகோலாகவும் அது செயற்படும்.

பிற்கால நிகழ்வுகளைச் சுருக்கமாகவே இங்கு குறிப்பிடலாம். 1961 இல் உச்சக்கூலி ஒழிக்கப்பட்டது. 1980 களில் பங்கிலாபக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1991 இல் யுனைற்றெட்டின் பங்குகள் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்தன. 1998 இல் மேர்டொக்கின் தொலைக்காட்சிக் கம்பனி 623 மில்லியன் பவுணுக்குக் கழகத்தை வாங்க முற்பட்டபோது, இரசிகரும் சிறு பங்குதாரரும் ஒன்றிணைந்து எதிர்த்தனர். 1999 இல் அரசாங்கம் அம்முயற்சியைத் தடைசெய்தது. ஆனால் 2005 இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறத்தாழ 790 மில்லியன் பவுண் பெறுமதியில், பெருமளவு கடன்பெற்று, கழகத்தைத் தனதாக்கியது. கடனின் சுமை கழகத்தின் மீதே ஏற்றப்பட்டது. கழகத்தைக் காப்பாற்றத் தம் பணம் கொடுத்த டேவிஸ், கிப்சன் காலத்து உறவு இங்கு தலைகீழாயிற்று: இப்பொழுது கழகமே தன்னை வாங்கியவருக்காகக் கடன் கட்டியது.

இரசிகரின் விடை இருவகைப்பட்டது. ஒருசாரார் 2005 இலேயே பிரிந்துசென்று, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற அடிப்படையில் எப்சி யுனைற்றெட் என்ற கழகத்தை அமைத்தனர். 1930 இல் எண்ணிப்பார்க்கப்படாத கூட்டுடைமை வடிவத்தை அவர்கள் கண்டடைந்தனர். ஆனால் அதற்காகத் தாம் நேசித்த பழைய கழகத்தை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. மற்றைய சாரார் உள்ளிருந்தே எதிர்த்தனர். 2010 இல் அரங்கெங்கும் நியூற்றன் ஹீத்தின் பச்சையும் பொன்னிறமும் கொண்ட கழுத்துத்துணிகள் தோன்றின. புகையிரதத் தொழிலாளரின் நிறங்கள் உடைமையாளருக்கு எதிரான அடையாளமாயின. 2021 ஏப்ரலில் ஐரோப்பியப் பெருங்கழகங்கள் சில, தமக்கெனத் தனி லீக் அமைக்க முனைந்தபோது, மே 2 ஆம் திகதி இரசிகர் ஓல்ட் ட்ரபோட் களத்தினுட் புகுந்தனர். லிவர்பூலுடனான ஆட்டம் பிற்போடப்பட்டது.

ஆயினும் பழைய ஆயுதத்தின் கூர்மை மழுங்கியுள்ளமையும் மறுக்கற்பாலதன்று. 1930 இல் வாயிற்கட்டணமே கழகத்தின் உயிர்நாடி. இன்று யுனைற்றெட்டின் வருவாயில் ஆட்டநாள் வருமானம் நான்கிலொரு பங்கிற்கு மேற்படுவதில்லை. எஞ்சியது தொலைக்காட்சியிலிருந்தும் விளம்பர ஒப்பந்தங்களிலிருந்தும் வருவது. வீரரின் ஊதியமும் இரசிகரின் வருவாயிலிருந்து எட்டாத் தொலைவுக்குச் சென்றுவிட்டது. இதனால் வீரன்மீதான கோபம் முன்னிலும் எளிதில் மூளுகிறது. 2024-25 ஆம் ஆண்டுப் பருவத்தில் யுனைற்றெட் 42 புள்ளிகளுடன் லீக்கில் பதினைந்தாம் இடத்தைப் பெற்றது. 1973-74 இல் அது தாழ்ந்த பின்னர் இத்துணை இழிநிலை ஏற்பட்டதில்லை. 2024 பெப்ருவரி முதல் றற்கிளிவ் என்ற பிரித்தானியச் செல்வந்தர் சிறுபான்மைப் பங்குதாரராகிக் கழகத்தின் உதைபந்தாட்ட விடயங்களுக்குப் பொறுப்பேற்றிருந்தார். அதன்பின் நூற்றுக்கணக்கான ஊழியர் வேலையிழந்தனர். பருவத்தின் நடுவே சில அனுமதிச் சீட்டுகளின் விலை, சிறுவருக்கும் முதியோருக்கும் சலுகையின்றி, 66 பவுணாக உயர்த்தப்பட்டது. களத்திற் கண்ட தோல்வியின் விலையைக் களத்தின் வெளியே உழைத்தவரும் பார்த்தவரும் செலுத்தினர். வீரனை மட்டும் ஏசும் கோபத்துக்கு இத்தொடர்பு புலப்படாது.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். இரசிகரின் கோபத்தை உணர்ச்சிவயப்பட்ட கூட்டத்தின் கூச்சலாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1930 இன் இரசிகர், பன்னிரண்டு தொடர்தோல்விகளின் நடுவிலும், தோல்வியின் காரணத்தை வீரனின் காலிற் காணாது சபையின் அமைப்பிற் கண்டனர். பரிகாரத்தையும் வரிசைப்படுத்திக் கூறினர். அவர்களைத் தடுத்தது அறிவின்மையன்று. தமது உரிமையுணர்வுக்கு ஏற்ற உடைமை வடிவம் இல்லாமையே. அவ்வெற்றிடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செல்வந்தர் நிரப்பினார். ஒருவர் கொடையாளராக வந்தார். பிறிதொருவர் கடனாளியாக வந்தார். இருவர் வருகையிலும் இரசிகர் பார்வையாளராகவே இருந்தனர்.

2025 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம், கழகங்களைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஓர் அமைப்பை நிறுவ வழிசெய்துள்ளது; இரசிகரைக் கலந்தாலோசிக்கும் கடப்பாட்டையும் கழகங்கள்மீது சுமத்துகிறது. ஹியூம் நகரமண்டபத்தில் எழுந்த குரல் தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின் சட்டத்தின் வாயிலை எட்டியுள்ளது எனலாம். ஆனால் கலந்தாலோசிக்கப்படுதல் வேறு, தீர்மானித்தல் வேறு. கழகம் யாருடையது என்ற வினாவுக்கு இச்சட்டமும் விடை கூறவில்லை. அடுத்த தோல்விப் பருவத்தில் அவ்வினா மீண்டும் எழும். அப்பொழுது அது வீரனை நோக்கித் திரும்பி வீணாகுமா, உடைமையை நோக்கி முன்னேறுமா என்பது இரசிகர் தமக்கென உருவாக்கிக்கொள்ளும் அமைப்பைப் பொறுத்ததாகும்.